ஒரே நெட் கனெக்‌ஷன், ரெண்டு கம்ப்யூட்டர்: வீட்டுக்குள்ள ஒழுங்கா பிரிச்சுக்கறது எப்படி

வீட்டுல ரெண்டாவது கம்ப்யூட்டர் வந்ததுமே ரெண்டாவது நெட் கனெக்‌ஷன் வாங்கிடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, கீழ ஒருத்தர் வொர்க் ஃப்ரம் ஹோம், மாடில பையனோ பொண்ணோ ஆன்லைன் கிளாஸ், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்தா ஒருத்தருக்கு வீடியோ நின்னு நின்னு வருதுன்னு. தயவுசெஞ்சு அவசரப்பட்டு வாங்காதீங்க. ஒரு வீடியோ மீட்டிங் நல்ல குவாலிட்டியில ஓடறதுக்கு 4 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தோட அளவு) போதும், நெட்ஃபிளிக்ஸ்ல 4கே படம் பாக்க 15 எம்பிபிஎஸ் போதும், ரெண்டையும் கூட்டினாலும் 100 எம்பிபிஎஸ் பிளான்ல கால்வாசி கூட வராது. அப்பறம் ஏன் நிக்குதுன்னா, பெரும்பாலும் வெளிய இருந்து வர்ற லைன்ல பிரச்சனை இல்ல, ஹால்ல மாட்டியிருக்கிற பெட்டியில இருந்து உங்க டேபிள் வரைக்கும் இருக்கிற அந்த முப்பது நாப்பது அடியில தான் பிரச்சனை. அதை சரி பண்ண ஆகுற செலவு ரெண்டாவது கனெக்‌ஷனோட ரெண்டு மூணு மாச பில்லுக்குள்ள முடிஞ்சிரும்.

ரெண்டு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் இதுல இருந்தே வந்துரும். ஒண்ணு, இடம் மாறாத கம்ப்யூட்டருக்கு கேபிள் போடுங்க, வைஃபையை ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் விட்டுடுங்க. ரெண்டு, வீட்டுக்குள்ள ஐபி அட்ரஸ், அதாவது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு அடையாள நம்பர், குடுக்கற வேலையை ஒரே ஒரு பெட்டி தான் பாக்கணும்.

இந்த ரெண்டாவது விஷயம் ஏன்னு முதல்ல சொல்லிடறேன். வெளிய இருந்து உங்க வீட்டுக்கு ஒரே ஒரு அட்ரஸ் தான் வரும். ஃபைபர்காரங்க மாட்டிட்டுப் போற ஓஎன்டி பெட்டி அதை தன்கிட்ட வச்சுக்கிட்டு, உள்ள இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.2, 192.168.1.3ன்னு தனித்தனியா ஒரு நம்பர் குடுக்கும், எந்த கம்ப்யூட்டர் எதை கேட்டுச்சுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு பதில் வந்ததும் சரியா அதுக்கே அனுப்பிடும். இந்த நம்பர் குடுக்கிறதுக்கு பேரு டிஹெச்சிபி. டாக்டர் கிளினிக்ல ஒரே வாசல்ல ரெண்டு பேர் உக்காந்து டோக்கன் குடுத்தா 5ஆம் நம்பர் ரெண்டு பேர் கையில இருக்கும்ல, அதே குழப்பம் தான் வீட்டுல ரெண்டு ரவுட்டர், அதாவது இப்படி நெட்டை பிரிச்சு குடுக்கற பெட்டி, ஒரே நெட்வொர்க்ல நம்பர் குடுக்கும்போது நடக்குது. நேத்து வேலை செஞ்சுச்சு இன்னிக்கு செய்யல, ரீஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் வருது, அப்பறம் போகுதுன்னு சொல்ற வீடுகள்ல முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான்.

இப்ப பெட்டியோட பின்பக்கத்தை பாருங்க. பச்சை கலர் முனை வச்ச மெல்லிசான வயர் ஒண்ணு போகும், அது தான் ஃபைபர், அதை தொடாதீங்க, மடிக்காதீங்க, உள்ள இருக்கிறது கண்ணாடி இழை. பக்கத்துல லேன் 1, லேன் 2ன்னு எழுதின சதுர ஓட்டைங்க இருக்கும், அதுக்கு பேரு தான் போர்ட், சிலதுல நாலு இருக்கும், சிலதுல ஒண்ணே ஒண்ணு. இன்னும் கொஞ்சம் சின்னதா ஒரு ஓட்டை இருந்தா அது லேண்ட்லைன் ஃபோனுக்கு, அதுல நெட் கேபிளை சொருகாதீங்க. ஒரு முக்கியமான விஷயம், விலை கம்மியான சில ஓஎன்டியில ஒரு போர்ட் மட்டும் 1 ஜிபிபிஎஸ் (கிகாபிட்னும் சொல்வாங்க, 1000 எம்பிபிஎஸ்), மத்தது 100 எம்பிபிஎஸ் தான், போர்ட்டுக்கு மேல ஜிஇ, எஃப்இன்னு எழுதியிருக்கும், ஜிஇ தான் வேகமானது. உங்க பிளான் 100க்குள்ள இருந்தா கவலை இல்ல, 200, 300 வாங்கியிருந்தா ஜிஇ போர்ட்டையே பிடிங்க.

ரெண்டு கம்ப்யூட்டரும் அந்த பெட்டி இருக்கிற ரூம்லயே இருந்தா ரெண்டு கேபிள் வாங்கி ரெண்டு போர்ட்ல சொருகிடுங்க, வேலை முடிஞ்சுது, விண்டோஸ்ல எதையும் மாத்த வேணாம். ஒரே ஒரு போர்ட் தான் இருக்குன்னா ஒரு போர்ட்டை பல போர்ட்டா ஆக்குற 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒண்ணு வாங்குங்க, ஆயிரம் ரூபா சுத்துவட்டாரத்துல கெடைக்கும், அதுக்கு செட்டிங்ஸ்னு ஒண்ணுமே கிடையாது, கரண்ட் குடுத்து பெட்டியில இருந்து ஒரு கேபிள், கம்ப்யூட்டருக்கு ஒண்ணு ஒண்ணா ரெண்டு கேபிள், அவ்வளவு தான். ஸ்விட்ச் நம்பர் குடுக்காது, வழி மட்டும் தான் விடும், அதனால டிஹெச்சிபி குழப்பமும் வராது.

கீழ ஒண்ணு மாடில ஒண்ணுன்னா தான் கேபிள் இழுக்கிற வேலை, இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். கேட் 6னு சொல்ற வகை நெட் கேபிள் வாங்குங்க, கேட் 5இ இருந்தாலும் 1 ஜிபிபிஎஸ் தாராளமா போகும், 100 மீட்டர் வரைக்கும் ஒரே நீளமா இழுக்கலாம், வீட்டுக்குள்ள அவ்வளவு தூரம் யாருக்கும் தேவைப்படாது. கடையில 305 மீட்டர் பெட்டியா வச்சிருப்பாங்க, அதுல இருந்து மீட்டர் கணக்குல வெட்டி குடுப்பாங்க. சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல போனா பத்து விதமா காட்டுவாங்க, அதுல விலை ரொம்ப கம்மியா இருக்கிறது பெரும்பாலும் சிசிஏ, அதாவது உள்ள அலுமினியம், மேல மட்டும் செம்பு பூச்சு. பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும். ஒரு அங்குலம் மேல்தோலை உரிச்சு, ஒரு கம்பியை எடுத்து பிளேடால லேசா சுரண்டி பாருங்க, உள்ளயும் செம்பு நிறமா இருந்தா சுத்த செம்பு, வெள்ளையா வெள்ளி மாதிரி தெரிஞ்சா அலுமினியம். அலுமினியம் வளைக்க வளைக்க சீக்கிரம் உடையும், கேபிள் முனையில மாட்டற ஜாக்கோட பல்லுக்குள்ள நாளாவட்டத்துல லூஸ் ஆகும், செவுத்துக்குள்ள போட்டப்பறம் அதை வெளிய எடுக்கவும் முடியாது, அதனால இந்த ஒரு இடத்துல காசு பாக்காதீங்க.

இழுக்கிற வழி. வீடு கட்டும்போதே டிவி கேபிளுக்கோ டெலிஃபோனுக்கோ பைப் விட்டிருந்தா அது வழியா எலக்ட்ரீஷியனை வச்சு ஸ்பிரிங் போட்டு இழுத்துக்கலாம். இபி வயர் போற பைப்புக்குள்ள மட்டும் போடவே கூடாது, பாதுகாப்பும் இல்ல, சிக்னலும் கெடும். பைப் இல்லேன்னா மாடிப்படி ஓரமா கேசிங் கேப்பிங் பட்டை அடிச்சு அதுக்குள்ள விடலாம், பாக்கவும் அசிங்கமா இருக்காது. வெளிச்செவுத்து வழியா போறதுன்னா வெயிலுக்கு தாங்குற கறுப்பு தோல் போட்ட அவுட்டோர் கேபிள்னு கேட்டு வாங்குங்க, சாதா சாம்பல் கலர் கேபிள் நம்ம ஊர் வெயிலுக்கு காஞ்சு பொடியா உதிரும். ஜன்னல் இடுக்குல வச்சு அமுக்கி மூடற பழக்கமும் வேணாம், கேபிள் நசுங்கிடும்.

ஜாக் அடிக்கிறது கத்துக்கற வேலை தான், ஆனா பொறுமை வேணும். எட்டு கம்பியோட வரிசை, ஜாக்கோட கிளிப் கீழ்பக்கமா இருக்கும்படி பிடிச்சு இடதுபக்கத்துல இருந்து: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையிலயும் இதே வரிசை. முன்னாடியெல்லாம் ரெண்டு கம்ப்யூட்டரை நேரடியா கோக்கறதுக்கு ஒரு முனையை மாத்தி அடிச்ச கிராஸ்ஓவர் கேபிள் வேணும்னு சொல்வாங்க, இப்ப வர்ற கிகாபிட் போர்ட் எல்லாம் அதை தானே கண்டுபிடிச்சு மாத்திக்கும், அதுக்காக தனியா எதுவும் அடிக்க வேணாம். கம்பி முனையெல்லாம் ஒரே நீளமா வெட்டி, ஜாக்குக்குள்ள கடைசி வரைக்கும் தள்ளி, வெளித்தோலும் ஜாக்குக்குள்ள கொஞ்சம் போன பிறகு தான் கிரிம்பிங் டூலால அழுத்தணும். தோல் வெளியவே நின்னுட்டா கம்பி மேல இழுப்பு விழுந்து ஒவ்வொண்ணா கழண்டு வரும்.

அடிச்சு முடிச்சதும் நெட் வருதுன்னு சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க, ஸ்பீடு எவ்வளவு பேசிக்குதுன்னு பாருங்க. விண்டோஸ்ல செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் (கேபிள் வழியா வர்ற நெட்டுக்கு விண்டோஸ் வச்ச பேரு) போனீங்கன்னா லிங்க் ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும், அங்க 1000னு காட்டணும். 100னு காட்டுச்சுன்னா, ரெண்டு பக்க போர்ட்டும் கிகாபிட்னு உங்களுக்கு உறுதியா தெரியும்னா, கேபிள்ல ஏதோ ஒரு கம்பி ஒட்டல. ஏன்னா 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 இந்த நாலு கம்பி மட்டும் போதும், 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு தான் எட்டும் வேணும், நீலமோ பிரவுனோ விட்டுப்போனா நெட் என்னவோ வரும், ஆனா 100ல நின்னுடும், 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு காசு கட்டிக்கிட்டு 94, 95ன்னு ஸ்பீடு டெஸ்ட்ல பாத்துட்டு கம்பெனிக்கு ஃபோன் பண்ணி சண்டை போடறவங்க நிறைய பேருக்கு காரணம் இந்த ஒத்தை கம்பி தான். ஜாக்கை வெட்டிட்டு புதுசா அடிங்க, சரியாயிடும்.

மாடில கம்ப்யூட்டரோட ஃபோனுக்கும் வைஃபை வேணும்னா, வீட்டுல சும்மா கெடக்கிற பழைய ரவுட்டரை அங்க வச்சுக்கலாம். நம்பர் குடுக்கிற வேலை ஒரு பெட்டிக்கு தான்னு சொன்னது இங்க தான் வேணும். பழைய ரவுட்டரை மெயின் லைன்ல சொருகறதுக்கு முன்னாடி தனியா ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் கோத்து, பிரவுசர்ல அதோட செட்டிங்ஸ் பேஜை திறங்க, 192.168.0.1 இல்லன்னா 192.168.1.1ல வரும், பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கும். அக்சஸ் பாயிண்ட் மோடுன்னு, அதாவது நம்பர் குடுக்காம வைஃபை மட்டும் குடுக்கற மாதிரி, ஒரு ஆப்ஷன் இருந்தா அதை போட்டு சேவ் பண்ணுங்க, வேற ஒண்ணும் வேணாம். இல்லேன்னா முதல்ல வைஃபை பேரு பாஸ்வேர்டு வச்சுக்கோங்க, அப்பறம் டிஹெச்சிபி சர்வரை ஆஃப் பண்ணுங்க, கடைசியா லேன் ஐபியை, அதாவது அந்த ரவுட்டரோட சொந்த நம்பரை, மெயின் பெட்டியோட வரிசையிலயே ஆனா அது யாருக்கும் குடுக்காத நம்பரா மாத்துங்க, மெயின் பெட்டி 192.168.1.1ல இருந்து 2 முதல் 200 வரைக்கும் குடுக்குதுன்னா இதுக்கு 192.168.1.250 வைக்கலாம். அதுக்கப்பறம் கீழ இருந்து வர்ற கேபிளை பழைய ரவுட்டரோட லேன் போர்ட்ல சொருகணும், வெளி லைனுக்குன்னு வான்னு எழுதி தனி கலர்ல ஒரு போர்ட் இருக்குமே அதுல இல்ல, அதை காலியா விட்டுடுங்க. அக்சஸ் பாயிண்ட் மோடு இருக்கிற ரவுட்டர்ல மட்டும் அது வான் போர்ட்ல சொருக சொன்னா சொல்றபடி செய்யலாம்.

வான்ல சொருகி ரவுட்டரா விட்டாலும் நெட் வரும், இல்லேன்னு சொல்லல. ஆனா மாடி கம்ப்யூட்டர் தனி நெட்வொர்க் ஆயிடும், கீழ இருக்கிற கம்ப்யூட்டர் மேல இருக்கிறதை பாக்காது, கீழ இருந்து ஃபைல் எடுக்க முடியாது, சில ஆன்லைன் கேமும் தகராறு பண்ணும்.

கேபிளே போட முடியாது, வாடகை வீடு, ஓனர் ஆணி கூட அடிக்க விடமாட்டாருன்னா வைஃபை தான். அப்ப வைஃபையோட ரெண்டு பேண்டையும், அதாவது அலைவரிசையையும், புரிஞ்சுக்கோங்க, 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா செவுத்தை சரியா தாண்டாது, 2.4 கொஞ்சம் தாண்டும், ஆனா பக்கத்து வீடு எதிர்வீடு எல்லாருமே அதுல தான் இருப்பாங்க. நம்ம வீட்டு ஒன்பது இஞ்ச் செங்கல் செவுரு, கம்பி கட்டின கான்கிரீட் தளம் ரெண்டையும் தாண்டி 5 போய் சேருறது கஷ்டம். பெட்டியை டிவிக்கு பின்னாடியோ பீரோ மேலயோ வைக்காதீங்க, இரும்பு சிக்னலை மறைக்கும், மாடிப்படி வழியா மேல பாக்கிற மாதிரி உயரமா வைங்க. 2.4ல சேனலை ஆட்டோவுல விடாம 1, 6, 11 இந்த மூணுல எதுல கூட்டம் கம்மியோ அதுல வைங்க. டெஸ்க்டாப்புக்கு குட்டியா கெடைக்கிற யுஎஸ்பி வைஃபை வாங்கறதுன்னா ஆன்டெனா வச்சு வயர் நீட்டி டேபிள் மேல வைக்கிற மாதிரி வாங்குங்க, சிபியூக்கு பின்னாடி தகரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல மாட்டினா எந்த கம்பெனி அடாப்டரும் திணறும்.

ரவுட்டரே இல்ல, ஃபோன் டேட்டா தான் நெட்டுன்னு இருக்கிற வீட்டுலயும் ரெண்டு கம்ப்யூட்டருக்கு பிரிக்கலாம். விண்டோஸ்லயே இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்னு இருக்கு, 1999ல விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன்ல வந்தது, இன்னும் அப்படியே இருக்கு. ஃபோனை யுஎஸ்பியில மாட்டி டெதரிங் (ஃபோன் நெட்டை கம்ப்யூட்டருக்கு குடுக்கற செட்டிங்) போட்டு முதல் கம்ப்யூட்டருக்கு நெட் வரவைங்க. அதோட லேன் போர்ட்ல இருந்து ரெண்டாவது கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள். இப்ப முதல் கம்ப்யூட்டர்ல கண்ட்ரோல் பேனல், நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ் போய், எதுல நெட் வருதோ அதை, அதாவது ஃபோனோட அடாப்டரை, ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், முதல் கட்டத்துல டிக், கீழ லிஸ்ட்ல ஈதர்நெட்டை தேர்ந்தெடுத்து ஓகே. நிறைய பேர் ஈதர்நெட்டை ரைட் கிளிக் பண்ணி ஷேர் பண்ணிட்டு வரலேங்கறாங்க, ஷேர் பண்ண வேண்டியது நெட் வர்ற பக்கத்தை. சரியா பண்ணிட்டா ஈதர்நெட்டுக்கு தானா 192.168.137.1 வந்துரும், ரெண்டாவது கம்ப்யூட்டருக்கு அதே வரிசையில ஒரு நம்பர் போகும், அங்க எதையும் கையால போடாதீங்க, ஆட்டோமேட்டிக்ல விடுங்க. முதல் கம்ப்யூட்டர் தூங்கினா ரெண்டாவதுக்கு நெட் போயிடும், அதனால ஸ்லீப்பை ஆஃப் பண்ணுங்க. ரீஸ்டார்ட்டுக்கு அப்பறம் சில சமயம் ஷேரிங் வேலை செய்யாது, டிக்கை எடுத்து ஓகே குடுத்து திரும்ப டிக் போட்டா வந்துரும். ரெண்டு கம்ப்யூட்டர்லயும் வைஃபை இருந்தா கேபிளே வேணாம், முதல் கம்ப்யூட்டரோட செட்டிங்ஸ்ல மொபைல் ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணா போதும், எட்டு டிவைஸ் வரைக்கும் விடும். ஆபீஸ் லேப்டாப்ல மட்டும் இதெல்லாம் பண்ணாதீங்க, அவங்க பாலிசி தடுக்கும், தடுக்கலேன்னாலும் ஐடி டீம் கேள்வி கேக்கும்.

இதுல இன்னொரு வழி, பழைய டெஸ்க்டாப்ல வைஃபையே இல்ல, இப்பவே அவசரமா நெட் வேணும்னா ஆண்ட்ராய்டு ஃபோனை வீட்டு வைஃபையில கனெக்ட் பண்ணி யுஎஸ்பி டெதரிங் போடுங்க, ஃபோன் டேட்டா செலவாகாம வீட்டு வைஃபையே கம்ப்யூட்டருக்கு போகும். அடாப்டர் வாங்கற வரைக்கும் இது போதும்.

நெட் வரலேன்னா கண்டபடி எல்லாத்தையும் பிடுங்கி மாட்டாதீங்க, கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிச்சு அந்த கம்ப்யூட்டரோட நம்பரை பாருங்க. 169.254ல ஆரம்பிச்சா பெட்டிகிட்ட இருந்து நம்பரே வரல, கேபிளையோ டிஹெச்சிபியையோ பாக்கணும். 192.168ல இருந்தா அதுல டிஃபால்ட் கேட்வேன்னு காட்டற நம்பரை பிங் பண்ணுங்க, அதாவது பிங்னு அடிச்சு பக்கத்துல அந்த நம்பரை போடுங்க, கேபிள்ல 1 மில்லிசெகண்டுக்குள்ள பதில் வரணும், வந்தா வீட்டுக்குள்ள எல்லாம் சரி. அடுத்து வெளிய இருக்கிற கூகுள் சர்வரோட நம்பரான 8.8.8.8 பிங் பண்ணுங்க, வரலேன்னா வெளி லைன் பிரச்சனை, அப்ப தான் கம்பெனிக்கு ஃபோன். அது வந்தும் வெப்சைட் மட்டும் திறக்கலேன்னா டிஎன்எஸ், அதாவது வெப்சைட் பேருக்கு நம்பர் கண்டுபிடிச்சு சொல்ற சர்வர், அதுல பிரச்சனை, அதை மாத்தினா சரியாகும்.

எல்லாம் சரியா மாட்டியும் ஒருத்தர் உக்காந்தா இன்னொருத்தருக்கு மீட்டிங் உடையுதுன்னா அப்லோடை சந்தேகப்படுங்க, டவுன்லோடை இல்ல. ஒரு கம்ப்யூட்டர் வீடியோவை கிளவுடுக்கு ஏத்திக்கிட்டிருந்தா வெளிய போற பாதை நிரம்பி, இன்னொரு கம்ப்யூட்டரோட பேச்சு அந்த வரிசைக்கு பின்னாடி நிக்கும். சோதிக்கறது ஈஸி, ஒண்ணுல 8.8.8.8 பிங்கை ஓட விட்டுட்டு இன்னொண்ணுல பெரிய ஃபைலை ஏத்துங்க, பத்து மில்லிசெகண்டுல இருந்தது நூத்துக்கணக்குல ஏறினா இது தான். ரவுட்டர்ல கியூஓஎஸ்னோ பேண்ட்விட்த் கண்ட்ரோல்னோ இருந்தா ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு அளவு வைங்க, ஓஎன்டியில பல சமயம் இருக்காது, அப்ப கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ரெண்டுலயும் அப்லோட் வேகத்தை கட்டுப்படுத்தற செட்டிங் இருக்கு, பாதிக்கு மேல எடுக்காம வைங்க. விண்டோஸ் அப்டேட்டுல டெலிவரி ஆப்டிமைசேஷன்னு ஒண்ணு இருக்கு, அதுல வீட்டு நெட்வொர்க்ல இருக்கிற கம்ப்யூட்டர்கள்ல இருந்து மட்டும்னு போட்டா, ஒண்ணு இறக்கின அப்டேட்டை இன்னொண்ணு வெளிய போகாம அதுகிட்ட இருந்தே எடுத்துக்கும், மாச டேட்டா லிமிட் வச்ச பிளான்ல இது பெரிய உதவி, ஏன்னா ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே கணக்குல தான் கழியும்.

ஒரே நெட்வொர்க்ல இருக்கிறதால பிரிண்டரையும் ஃபோல்டரையும் பகிர்ந்துக்கலாம், ரெண்டுலயும் நெட்வொர்க்கை பிரைவேட்னு மாத்துங்க, விண்டோஸ் அக்கவுண்டுக்கு பாஸ்வேர்டு வைங்க. பெட்டியோட அட்மின் பாஸ்வேர்டையும் ஸ்டிக்கர்ல இருக்கிறபடியே விடாம மாத்திடுங்க. பக்கத்து வீட்டுக்கு கேபிள் போட்டு பில்லை பாதி பாதி போட்டுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, வேணாம், பெரும்பாலான பிளான்ல அதுக்கு அனுமதி கிடையாது, அங்க யாராவது தப்பா எதையாவது பண்ணா கனெக்‌ஷன் உங்க பேர்ல தான் இருக்கு, விசாரணை உங்க வாசல்ல தான் வந்து நிக்கும். அதோட ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்பு கேபிள் தொங்கவிட்டா மின்னல் அடிக்கும்போது ரெண்டு வீட்டு பெட்டியும் போக வாய்ப்பிருக்கு.

கரண்ட் கட்டுக்கு ஓஎன்டியை இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க, இன்வெர்ட்டர் இல்லேன்னா ரவுட்டருக்குன்னே விக்கிற குட்டி யுபிஎஸ் வாங்கலாம், அடாப்டர்ல 12 வோல்ட்னு இருந்தா 12 வோல்ட்டே குடுக்கிறதா பாத்து, ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கட்டும். மாடில இருக்கிற ஸ்விட்சுக்கும் பழைய ரவுட்டருக்கும் இதே ஏற்பாடு வேணும், அதை மறந்துட்டா கரண்ட் போன நேரத்துல கீழ நெட் ஓடும், மேல லேப்டாப்ல சார்ஜ் இருந்தும் நெட் இருக்காது.